சுவாசச் செயலிழப்பு

இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சேர்க்கவோ கரியமில வாயுவை வெளியேற்றவோ உடலால் இயலாமற்போகும் நிலை. இது தனி நோயன்று. பல நோய்கள் வந்து முடியும் இடம். தமனி இரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் முதல் வகை; கரியமில வாயு அழுத்தம் 50-ஐத் தாண்டினால் இரண்டாம் வகை. அறுவைக்குப் பின் வருவது, அதிர்ச்சி நிலையில் வருவது என மேலும் இரண்டைச் சேர்ப்பாருமுண்டு.

இரண்டாம் வகைக்கு நல்ல சான்று 1952-இல் கோபன்ஹேகனில் பரவிய போலியோ. நோயாளிகளின் இரத்தத்தில் கூடியிருந்த கரியமில வாயுச் சேர்மங்களைக் காரத்தன்மையின் அடையாளமாகவே மருத்துவர்கள் கொண்டிருந்தனர். காற்று போதாமல் வாயு தேங்குகிறது என்றார் மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தினர். சாவு வெகுவாகக் குறைந்தது. நுரையீரல் கெடவில்லை, மூச்சுத் தசைகள் என்னும் துருத்திதான் நின்றிருந்தது.

நிமோனியா, நுரையீரலில் நீர் கோத்தல், ஆற்றில் மூழ்குதல் ஆகியவை முதல் வகைக்குக் காரணங்கள். நாட்பட்ட புகைப்பழக்கமும் விறகடுப்புப் புகையும் சுருக்கிய மூச்சுக்குழல்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் கொண்டுபோய் விடும்.

துருத்தி நிற்பதைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவு போன்ற நெல், வாழை வயல் நிலங்களில் கட்டுவிரியன் பாம்பின் கடியில் காணலாம். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது. வயிற்றுவலி வரும், இமை சரியும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் ஓயும். நஞ்சு நரம்பு முனையையே சிதைப்பதால், வாதம் வந்தபின் நஞ்சுமுறி மருந்து அதை மீட்காது. முனை மறுபடி வளரச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். அதுவரை வென்டிலேட்டர் மூச்சு விட்டுக் கொடுத்தால் ஆள் பெரும்பாலும் முழுமையாகத் தேறுவார். அசையாமல், கண் திறவாமல் கிடக்கும் அவருக்குக் காது கேட்கும் என்பதைச் சூழ நிற்பவர்கள் மறக்கலாகாது. நல்ல பாம்பின் நஞ்சோ நரம்பும் தசையும் சேருமிடத்தின் தசைப் பக்கத்தைத் தடுப்பது. அங்கு நியோஸ்டிக்மின் ஊசி பலன் தரும்.

மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகளும் மூச்சுத் தசைகளை முடக்கும். அதோடு சளி பெருகி நுரையீரலை நிறைப்பதால் இரு வகையும் ஒருங்கே வரும்.

திருவரங்கப் பகுதியில் இந்நிலைக்கு ஆளாவோர் நாடத்தக்கது, 1997-இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்து திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024-இல் ஆக்கியது.