முகூர்த்தமும் அறுவடையும்

யாழ்ப்பாணத்திலே மகளுக்குச் சம்பந்தம் பொருந்திய தகப்பன் முதலில் நாடுவது பஞ்சாங்கத்தை. ஆடி ஆகாது, மார்கழி ஆகாது என்று இரண்டு மாதங்கள் உடனே கழிந்துவிடும். காரணம் கேட்டால் சாத்திரம் அறிந்தவர் விடை வைத்திருக்கிறார். ஆடியிலே ஞாயிறு தென்றிசை நோக்கித் திரும்புகிறது. தேவர்களுக்கு அது இரவின் தொடக்கம். மார்கழியோ அவர்களுடைய வைகறை. ஆதலால் வழிபாட்டுக்கே உரியது. விடை அழகானதுதான். ஆயின், தேவர்களின் இரவு ஆறு மாத காலம் நீடிப்பதாயின், அதன் இரண்டாம் மாதமாகிய ஆவணி கலியாணத்துக்குச் சிறந்த மாதமாக மதிக்கப்படுவது எங்ஙனம்? இதற்கு விடையை வானத்திலே காண முடியாது. நிலத்திலே தேடவேண்டும்.

குடாநாட்டிலே ஆறு இல்லை. வயல் வானத்தை நம்பியது. ஆவணி, புரட்டாதியிலே புழுதியில் விதைத்து, ஐப்பசி முதலாக வரும் வாடைக்காற்று மழையிலே பயிரை வளர்த்து, தை, மாசியிலே அரிவு வெட்டிச் சூடு மிதிப்பர். ஆண்டுக்கு ஒரே போகம். மார்கழியில் ஒரு கமக்காரனுடைய வீட்டை எண்ணிப் பாருங்கள். பழைய நெல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. புதிய நெல் வெள்ளத்திலே நிற்கிறது. மழை பெய்தால் முற்றத்திலே பந்தலும் நில்லாது. ஆடியிலே சோளகக் காற்றில் மண் பறக்க, விதைக்கென்று எடுத்து வைத்த நெல்லைத் தவிர வேறு நெல்லைத் தொட முடியாது. இந்நிலையில் ஊரைக் கூட்டிச் சோறு போடுவது எப்படி? தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற பழமொழியைச் சொன்னவன் களஞ்சியத்தை அறிந்தவன்.

ஆவணியின் சிறப்புக்குக் காரணம் நெல்லன்று, புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூரிலே பெரிய சந்தை இருந்தது. கிணற்று நீர் இறைத்து வளர்த்த புகையிலையை வெட்டிப் பதப்படுத்தி விற்று, காசு கைக்கு வரும்போது ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிடும். வைகாசியும் ஆனியும் ஆவணியும் காசு புழங்கும் மாதங்கள். இவற்றின் நடுவே ஆடி மட்டும் விலக்குண்டு நிற்கிறது.

நல்ல காலத்தை நெல் நிச்சயித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நமது பெரியோர் அதிகம் பேசுவதில்லை. கலியாண வீட்டுப் பந்தலுக்கு வெள்ளை கட்டும் சலவைத் தொழிலாளி, மணமகனுக்கு முகம் வழிக்கும் சவரத் தொழிலாளி, பறை முழக்குவோர் ஆகிய யாவரும் குடிமைத் தொழில் புரிந்தவர்கள். அவர்களுக்குரிய கூலி பெரும்பாலும் நெல்லாகவே, அதுவும் அறுவடைக் களத்திலேயே அளக்கப்பட்டது. களத்திலே அளந்து பெற்ற கையோடு பந்தலிலே கடமை செய்தனர். அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியார் தமது கலியாணத்திலே மேளம் வைக்கவும், பொன்னணி பூணவும், மேற்சட்டை அணியவும் நெடுங்காலம் தடுக்கப்பட்டனர். பாரம்பரிய மணமகள் அலங்காரம் என்று நாம் பெருமையோடு கூறுவது ஊரிலே ஒரு பகுதியாருக்கு மட்டுமே உரிய பாரம்பரியமாக இருந்தது.

எல்லாவற்றையும் நெற்களஞ்சியத்திலே கொண்டுபோய் முடிப்பது பொருள்முதல்வாதம் ஆகிவிடாது; அது சோம்பல். நாள் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாட்டுக்களிலே இரண்டு மணவிழாக்கள் வருணிக்கப்படுகின்றன. திங்கள் நல்ல நாளோடு கூடும் பொழுதைப் பார்த்தே அங்கும் மணம் நிகழ்கிறது. பந்தரின் கீழே புதுமணல் பரப்பியிருக்கிறது. ஒன்றிலே உழுத்தங்களி, மற்றதிலே இறைச்சி சேர்ந்த சோறு. மகப்பெற்ற மகளிர் நால்வர் நீர் சொரிந்து மணமகளை வாழ்த்துகின்றனர். பூவும் நெல்லும் அவள் கூந்தலிலே தங்குகின்றன. மற்றப் பாட்டிலே வாகை இலையும் அறுகம் முகையும் சேர்ந்த வெண்ணூலை அவள் அணிகிறாள். இவற்றிலே எரி வளர்க்கும் சடங்கு இல்லை, தாலி இல்லை, சீதனப் பேச்சும் இல்லை. பின்னர் எழுந்த சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் முதுபார்ப்பான் முன்னிலையில் தீவலம் வருகின்றனர். வணிகர் குடியின் செல்வம் பெருகிய நகரத்திலே சடங்கும் மாறிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கலியாணத்திலே இன்றும் அறுகரிசி தூவி வாழ்த்துகிறோம். அந்த அறுகு தாலியினும் பழையது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

இனிச் சீதனத்துக்கு வருவோம். 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமை என எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்த்து ஒப்பினர். அந்நூல் கூறும் செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. முன்னாளிலே தகப்பன் கொண்டுவந்த முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று பெண்வழியே இறங்கிய சொத்து அது. போர்த்துக்கேயர் காலத்திலே இவ்வெல்லை குலைந்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற வேறுபாடின்றி எதிலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. மகளின் உரிமையாக இருந்தது மாப்பிள்ளைக்கு ஏற்ப ஏறியிறங்கும் தொகையாக மாறுவதற்கு இங்கேதான் வழி திறந்தது என்று நான் கருதுகிறேன். சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோரின் ஏனைய சொத்திலே பங்கில்லை. சீதன ஓலையிலே எழுதியதைப் பத்தாண்டுக்குள் கைக்கொள்ளாவிட்டால் அதுவும் போயிற்று. இதே தேசவழமை அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. வெவ்வேறு எசமானரின் அடிமைகள் மணம் புரிந்தால் பிள்ளைகள் தாயின் எசமானருக்கே உரியவர்கள். ஒரு வீட்டு மகளுக்குச் சொத்து தாய்வழி வந்தது. வேறொருத்தியின் பிள்ளைக்கு அடிமைத்தனம் தாய்வழி வந்தது. 1844இலே அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இரண்டும் ஒரே நூலின் நீதிகளாக இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர் கொழும்புக் கந்தோர்களுக்கும், மலாய் நாட்டின் புகையிரதப் பகுதிக்கும் உத்தியோகம் தேடிச் சென்றனர். 1905இலே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டிப் பாதை முழுமை பெற்றது. உத்தியோகத்தனுக்கு மழையும் ஒன்று, வெயிலும் ஒன்று. மாதம் முடிந்தால் சம்பளம். அவனுடைய முகூர்த்தத்தை லீவு நிச்சயித்தது. கப்பல் வந்து திரும்புவதற்குள் பொன்னுருக்கும் கலியாணமும் நாலாம் சடங்கும் நிறைவேற வேண்டும். பஞ்சாங்கம் அந்த வாரங்களுக்குள் ஒரு நாளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. மாப்பிள்ளை வீட்டார் தாலிக்குப் பொன்னும் கூறையும் கொண்டுவந்தனர். கூறைச்சேலைக்குப் பெயர் தந்த கூறைநாடு மயிலாடுதுறைப் பக்கத்து நெசவாளர் ஊர். பெண் வீட்டார் வளவும் தோட்டக் காணியும் காசும் கொடுத்தனர். எத்தனை சடங்கு இருந்தாலும், இந்தக் கொடுக்கல்வாங்கல் நொத்தாரிசின் முன்னே உறுதியாக எழுதப்பட்ட பின்னரே மேளம் முழங்கிற்று.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டம் மனைவியின் சொத்து மனைவிக்கே என்று கூறியது. நல்லது. நகையை அவள் தன் விருப்பப்படி விற்கலாம். தாய் தந்த காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. குடும்பத்தின் பெருஞ்செல்வம் காணியாகவே இருந்த நாட்டிலே இதன் பொருளை ஆசிரியர்கள் மாணவருக்கு விளக்கத் தேவையில்லை. அநேகர் தம் வீட்டிலேயே அறிந்திருப்பர்.

பஞ்சாங்கமே பார்க்கப்படாத கலியாணங்களையும் நமது வரலாறு கண்டிருக்கிறது. 2008இலும் 2009இன் தொடக்கத்திலும் வன்னியிலே, போருக்குப் பிள்ளைகள் கட்டாயமாகச் சேர்க்கப்படுவதற்கு அஞ்சிய பெற்றோர், வயது நிரம்பாதவர்களுக்கும் அவசரமாக மணம் முடித்து வைத்தனர். ஆடி என்றும் மார்கழி என்றும் எவரும் நிறுத்தவில்லை. கூறையும் இல்லை, பலகாரச் சூடும் இல்லை. மணமானவர்களைக் கொண்டுபோகமாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்றே முகூர்த்தமாயிற்று. அந்நம்பிக்கையும் எல்லா வீட்டிலும் பலிக்கவில்லை.

இன்று அரிவு வெட்டு இயந்திரத்தால் நடக்கிறது. கலியாண மண்டபங்கள், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை விடும் மாதங்களை எதிர்பார்க்கின்றன. அவ்விடுமுறையின் பெரும்பகுதி ஆடியிலே விழுவதால், ஆனியின் கடைசி நாட்களும் ஆவணியின் முதல் நாட்களும் நெரிகின்றன. விமானச் சீட்டு எடுத்த பிறகே சோதிடரிடம் நாள் கேட்கிறார்கள். அவரும் அதற்கேற்ற நாளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். நொத்தாரிசிடம் மட்டும் முன்போலவே முதலிற் போகிறார்கள்.