1859ஆம் ஆண்டு ஞாயிற்றொளியும் அதனைக் கண்ட இருவரும்

ஞாயிற்றில் எழும் மாறுதல்கள் புவியைத் தாக்கும் முறையை ஆராயும் துறை, இன்று விண்வெளி வானிலை எனப் பெயர் பெற்று வளர்ந்துளது. அதன் தோற்றத்தை ஆராயப் புகுவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இத்துறைக்கு அடிகோலியவருள் முதன்மையானோர், ஊதியம் கருதாது தம் பொருளும் பொழுதும் செலவிட்டு வானை நோக்கிய ஆர்வலரே ஆவர். இதனை ஈண்டு ஆராய்வாம்.

செருமனியின் டெசாவு நகரத்து மருந்து வணிகர் சாமுவேல் சுவாபே, புதனுக்கும் உட்பட்டதொரு கோளைக் காண விழைந்து, 1826 முதல் ஞாயிற்றின் கரும்புள்ளிகளைக் குறித்து வந்தார். கோள் கிட்டிற்றிலது, ஆயின், அப்புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கொருமுறை பெருகிக் குறைதல் தெரியலாயிற்று. புவிக்காந்தக் கலக்கங்களும் அவற்றோடு ஒத்துப் பெருகிக் குறைதலை 1852இல் எட்வர்டு சேபின் காட்டினார். எனினும், இவ்விரண்டையும் நேரே இணைக்கும் தனி நிகழ்ச்சி அதுகாறும் காணப்பட்டிலது.

இங்கிலாந்தில் ரெட்கில் என்னுமிடத்தில் சொந்த வானாய்வுக்கூடம் அமைத்த ரிச்சர்டு கேரிங்டன், 1858இல் தந்தை இறந்தபின் மதுவடிப்புத் தொழிலையும் மேற்பார்க்க வேண்டியவரானார். ஆயினும் ஆய்வைக் கைவிட்டாரல்லர். 1859 செப்டம்பர் 1ஆம் நாள் முற்பகல் 11.18 மணியளவில், பெரும்புள்ளித் தொகுதியொன்றை வரைந்துகொண்டிருந்தபொழுது, அதன்மேல் இரண்டு பேரொளிகள் தோன்றக் கண்டார். சான்றுக்கு ஒருவரை அழைக்க ஓடி ஒரு நிமிடத்துள் மீண்டார். அதற்குள் ஒளி மங்கத் தொடங்கியிருந்தது. ஐந்து நிமிடங்களில் முற்றும் மறைந்தது.

அன்று அவர் கூற்றுக்குத் துணையாய் நின்றவர், ஐகேட்டில் தனியே ஞாயிற்றை நோக்கியிருந்த ரிச்சர்டு ஆட்சன் என்னும் மற்றோர் ஆர்வலர். இவர் சான்று இன்றேல், கேரிங்டன் கண்டது கருவியின் பிழையென்றே தள்ளப்பட்டிருக்கலாம்.

அந்நேரத்திலேயே கியூ ஆய்வுக்கூடத்தின் காந்தக் கருவி சிறிது அசைந்தது. ஏறத்தாழ 17 மணி நேரத்திற்குப் பின் பெருங்காந்தப் புயல் எழுந்தது. துருவ ஒளி கியூபாவிலும் காணப்பட்டது. பம்பாய்க் கொலாபா ஆய்வுக்கூடம் காந்தப்புலத்தின் பெருவீழ்ச்சியைப் பதிந்தது. பாஸ்டனுக்கும் போர்ட்லந்துக்கும் இடையே, மின்கலங்களை நீக்கியும், புயல் எழுப்பிய மின்னோட்டத்தாலேயே தந்தி சென்றது.

கேரிங்டன் இவ்வொற்றுமையைச் சுட்டினாரேனும், ஒரு நிகழ்ச்சி கொண்டு முடிவு கட்டத் துணிந்தாரல்லர். 1892இலும் கெல்வின் பெருமகனார் இத்தொடர்பை ஏற்க மறுத்தார். ஞாயிறு தன் காந்த ஆற்றலால் இத்தகைய புயலை எழுப்புதல் இயலாதென்பது அவர் கணிப்பு. அக்கணக்கு தவறன்று, ஞாயிற்றிலிருந்து மின்னூட்டப் பொருளே வீசப்பெற்றுப் புவியை வந்தடைகின்றது என்பதே அன்று அறியப்படாதிருந்தது. 1958இல் யூஜின் பார்க்கர் ஞாயிற்றுக் காற்றின் கொள்கையை வெளியிட்டபின் இவ்வழி தெளிவுற்றது.

இம்மரபு நம் நாட்டையும் சார்ந்ததே. ஆர்வலராய்த் தொடங்கிய ஜான் எவர்ஷெட், 1909இல் கோடைக்கானலில் கரும்புள்ளியினுள் வளிமம் புறநோக்கிப் பாய்தலைக் கண்டறிந்தார். 2024 மே மாதப் பெரும்புயலின்பொழுது, லடாக்கின் ஆன்லே வானத்திலும் செவ்வொளி படம்பிடிக்கப்பட்டது.

காரணம் விளங்குமுன்னரே கண்டதைக் கண்டவாறு, நாளும் நேரமும் பிழையாது குறித்துவைத்தமையே இவ்வரலாற்றில் உண்மையைக் காத்தது எனக் கருதுகின்றோம்.