ஓடியது ரத்தமா, பள்ளிக்கூடமா? கிங்ஸ்டன் 2002 சொல்லும் வரலாறு

ஒடுக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளை தோற்றால் "அதுங்களுக்கு அவ்வளவுதான் வரும்" என்பார்கள். ஜெயித்துவிட்டால் "அதுங்களுக்கு அது பிறவியிலேயே இருக்கு" என்பார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிற பேச்சு. தோல்விக்கும் பிறப்பு காரணம், வெற்றிக்கும் பிறப்பு காரணம். நடுவில் அந்தப் பிள்ளை பட்ட பாடும், அதன் முன்னோர்கள் நடத்திய போராட்டமும் காணாமல் போய்விடும். நமக்கு நன்றாகப் பழகிய இந்தப் பேச்சு நம் ஊரோடு நிற்கவில்லை. ஜமைக்கா என்கிற சின்னத் தீவின் மேலும் இதே பேச்சுதான் கவிந்து கிடக்கிறது. அந்தத் தீவில் நடந்த ஒரு இளையோர் தடகளப் போட்டியின் வரலாற்றை நாம் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலகத் தடகள சாம்பியன்ஷிப் 1986இல் ஏதென்ஸில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடப்பது. முதல் போட்டியிலேயே உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய கியூபாவின் ஹவியர் சோட்டோமேயர், 1993இல் 2.45 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். நாளைய உலக சாம்பியன்கள் முதலில் முகம் காட்டும் இடம் அது. அதன் 9ஆவது போட்டி 2002 ஜூலை 16 முதல் 21 வரை ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், தேசிய விளையாட்டரங்கில் நடந்தது.

ஜூலை 19 அன்று ஆண்கள் 200 மீட்டர் இறுதி ஓட்டம். மற்றவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள். அவர்களுக்கு நடுவே 15 வயதுப் பையன் ஒருவன். சொந்த மண்ணின் கூட்டம் போட்ட சத்தத்தில் பயந்துபோய், காலணியை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எதிர்க்காற்றில் 20.61 விநாடிகளில் ஓடி முடித்தார். அதுவரை உலக இளையோர் தங்கம் வென்ற ஆண்களிலேயே வயதில் சிறியவர் அவர்தான். பெயர் உசேன் போல்ட். டிரெலானி மாவட்டத்தில் ஷெர்வுட் கன்டென்ட் என்ற கிராமத்தில் பெட்டிக்கடை நடத்திய குடும்பத்தின் பிள்ளை.

அதற்குப் பிறகு வந்த பெய்ஜிங், பெர்லின், லண்டன் எல்லாம் உலகத்துக்கே தெரியும். கூடவே வந்த "விளக்கங்களையும்" நாம் கேட்டிருக்கிறோம். அடிமைக் கப்பலில் பலசாலிகள் மட்டுமே பிழைத்தார்கள், அவர்களுடைய வாரிசுகள் என்பதால்தான் ஜமைக்கர்கள் வேகமாக ஓடுகிறார்கள் என்ற கதை ரொம்பப் பிரபலம். 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்கு முன்னால் அமெரிக்காவின் மைக்கேல் ஜான்சன்கூட, தானும் அடிமைகளின் வழிவந்தவராக இருந்தும், இந்தக் கருத்தைப் பேசினார்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் ஜமைக்காவுக்கு வந்தார்கள். பிரேசிலில் இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர். அதே கடல், அதே சங்கிலி, அதே சாவு. கப்பல்தான் ஓட்டக்காரர்களை உருவாக்கியது என்றால் 100 மீட்டர் பதக்கமெல்லாம் பிரேசிலுக்கல்லவா போயிருக்க வேண்டும்? போல்ட்டின் அப்பா தன் மகனின் வேகத்துக்கு டிரெலானி யாம் கிழங்குதான் காரணம் என்றார். கப்பல் கதைக்குக் கிழங்குக் கதை எவ்வளவோ மேல். கிழங்கையாவது உழைத்து விளைவிக்க வேண்டியிருக்கிறது.

போல்ட் படித்த பள்ளியின் பெயர் வில்லியம் நிப் நினைவு உயர்நிலைப் பள்ளி. அந்தப் பெயரிலிருந்தே உண்மையான வரலாற்றைத் தொடங்கலாம்.

1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவின் அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் வேலையை நிறுத்தினார்கள். தலைமை தாங்கியவர் சாம் ஷார்ப், அவரும் அடிமை, பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர். வேலைநிறுத்தம் கிளர்ச்சியானது. ஆண்டைகளும் படையும் சேர்ந்து அதை நசுக்கினார்கள். 300 பேருக்கு மேல் கொன்றார்கள். 1832 மே மாதம் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். ஃபால்மத் ஊரில் இருந்த பாப்டிஸ்ட் போதகர் வில்லியம் நிப், அடிமைகளைத் தூண்டிவிட்டார் என்று பழி சுமத்தப்பட்டவர். அவர் இங்கிலாந்துக்குப் போய் ஊர் ஊராக அடிமை முறையின் கொடுமையைப் பேசினார். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் எங்கிருந்து பிறந்தது என்பதில் நமக்குக் குழப்பம் வேண்டாம். நிப் பேசுவதற்கு முன்னால் ஷார்ப் எழுந்து நின்றுவிட்டார்.

1834இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஜமைக்காவில் இருந்த அடிமைகள் ஏறத்தாழ 3,11,000 பேர். வந்திறங்கியவர்களோ 10 லட்சம். ஒரு பகுதியினர் வேறு இடங்களுக்கு மறுபடி விற்கப்பட்டார்கள் என்று கழித்தாலும், கரும்பு தின்ற உயிர்கள் எத்தனை என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். பிரிட்டிஷ் பேரரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. யாருக்கு? ஆண்டைகளுக்கு. அதற்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு 2015இல்தான் அடைத்து முடித்தது. அடிமையாக இருந்தவருக்கு ஒரு காசும் இல்லை. அதோடு "பயிற்சிக்காலம்" என்ற பெயரில் இன்னும் நான்கு ஆண்டுகள் அதே ஆண்டையிடம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது.

1838 ஜூலை 31 இரவு ஃபால்மத்தில் நிப்பின் சபையார் ஒரு சவப்பெட்டி செய்தார்கள். அதற்குள் சங்கிலியையும் சவுக்கையும் கழுத்து இரும்பு வளையத்தையும் வைத்துப் புதைத்தார்கள். விடுதலை கிடைத்த மறுநாளே ஆண்டைகள் குடிசைக்கு வாடகை கேட்டார்கள். அதனால் நிப் போன்றவர்கள் நிலம் வாங்கி, விடுதலை பெற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து "சுதந்திரக் கிராமங்களை" உருவாக்கினார்கள். டிரெலானியில் கெட்டரிங் அப்படி உருவானது. நிலமில்லாத விடுதலை எதில் போய் முடியும் என்பதை, பஞ்சமி நிலத்துக்காக இன்னும் மனுப்போட்டுக்கொண்டிருக்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆண்டைகளும் சும்மா இருக்கவில்லை. கூலியை உயர்த்த மனமில்லாமல் 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் போனார்கள். ஒரு ஏழையின் பேரத்தை உடைக்க இன்னொரு ஏழையைக் கொண்டுவருகிற தந்திரம் அது.

இனி ஓட்டத்துக்கு வருவோம். ஜமைக்காவில் பள்ளிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி 1910இல் தொடங்கியது. "சாம்ப்ஸ்" என்று செல்லமாக அழைக்கிறார்கள். முதல் ஆண்டு ஆறு பள்ளிகள், கிங்ஸ்டனின் சபைனா பார்க் கிரிக்கெட் மைதானத்தில். ஆறும் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள், வெளிர்நிறத்தவர்கள் படித்த பள்ளிகள். கரும்பு வெட்டியவர் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1908இல், ஜி.சி. ஃபாஸ்டர் என்ற ஓட்டக்காரர் ஒலிம்பிக்கில் ஓட ஆசைப்பட்டு, வாழைக்காய்க் கப்பலில் ஏறி லண்டன் போய்ச் சேர்ந்தார். ஜமைக்கா ஒலிம்பிக் அமைப்பில் உறுப்பினர் இல்லை என்று சொல்லி அவரைத் தடத்தில் இறங்கவே விடவில்லை. ரத்தம் அன்றைக்கும் அதே ரத்தம்தான். வாசல்தான் திறக்கவில்லை.

அந்த வாசல் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. 1912இல் பாப்டிஸ்டுகள் கலாபார் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1925இல் பெர்சிவல் கிப்சன் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார், பெரிய பள்ளிகளில் நுழைய முடியாத கறுப்பினப் பையன்களுக்காக கிங்ஸ்டன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் 1962 முதல் 1975 வரை தொடர்ந்து 14 ஆண்டுகள் சாம்ப்ஸ் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத பள்ளி அது. கலாபாரில் படித்த ஹெர்ப் மெக்கென்லி 1948 லண்டன் ஒலிம்பிக் 400 மீட்டரில் வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கியவர் இன்னொரு ஜமைக்கரான ஆர்தர் வின்ட். ஜமைக்கா தன் பெயரில் அணி அனுப்பிய முதல் ஒலிம்பிக் அதுதான். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஃபாஸ்டரைத் திருப்பி அனுப்பிய அதே நகரம். மெக்கென்லி ஊர் திரும்பி, படித்த பள்ளிக்கே பயிற்சியாளரானார்.

1911 சாம்ப்ஸில் 100 கஜ ஓட்டத்தை 10 விநாடியில் ஓடி, 41 ஆண்டுகள் நிலைத்த சாதனை படைத்த மாணவர் ஒருவர் உண்டு. பெயர் நார்மன் மேன்லி. பின்னாளில் ஆட்சிக்கு வந்த அவருடைய அரசு, 1957இல் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்து உதவித்தொகையோடு ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்கான பள்ளித் தடகளப் போட்டியும் அதே 1957இல் தொடங்கியது. 1973இல் அவர் மகன் மைக்கேல் மேன்லி பிரதமராக இருந்தபோது உயர்நிலைக் கல்வி முழுக்க இலவசமானது. பள்ளி யாருக்குத் திறந்ததோ, தடமும் அவருக்கே திறந்தது.

இதற்கு நடுவே 1962 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. புதிதாகக் கட்டிய தேசிய விளையாட்டரங்கில் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி ஜமைக்கக் கொடி ஏறியது. 2002இல் போல்ட் ஓடியது அதே அரங்கில்தான். 1972 முதல் கரீபியத் தீவுகளின் இளையோர் மோதும் கரிஃப்டா போட்டிகள் நடக்கின்றன. 1980இல் கியூபா நன்கொடையாகக் கட்டிக்கொடுத்த உடற்கல்விக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர், லண்டனில் ஓட விடாமல் அவமானப்படுத்தப்பட்ட ஜி.சி. ஃபாஸ்டரின் பெயர். இன்று அந்தத் தீவின் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் அங்கிருந்து போகிறார்கள்.

ஆக, பள்ளி, சாம்ப்ஸ், கரிஃப்டா, உலக இளையோர் போட்டி என்று ஒரு ஏணி. 2000இல் சிலியின் சாண்டியாகோவில் நடந்த உலக இளையோர் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய வெரோனிகா கேம்ப்பெலும் அதே டிரெலானிக்காரர்தான், அதே ஏணியில் ஏறியவர்தான். போல்ட்டுக்குக் கிரிக்கெட்தான் பிடித்திருந்தது. ஓட்டத்துக்குப் போ என்று திருப்பிவிட்டவர் பள்ளியின் கிரிக்கெட் பயிற்சியாளர். பயிற்சி கொடுத்த பாப்லோ மெக்நீல் முன்னாள் ஒலிம்பிக் ஓட்டக்காரர். ஒரு கிராமப்புற அரசுப் பள்ளிக்கு ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஆசிரியராக வந்து நிற்கிறார் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜமைக்காவைச் சொர்க்கமாக்கிக் காட்டுவது நம் நோக்கமல்ல. நிற ஏற்றத்தாழ்வு அங்கே இன்னும் இருக்கிறது. ஏழ்மையும் துப்பாக்கியும் இருக்கின்றன. கோப்பைக்காகப் பள்ளிகள் பிள்ளைகளைச் சக்கையாகப் பிழிகின்றன என்ற விமர்சனத்தை அந்த நாட்டு மக்களே வைக்கிறார்கள். ஆனால் 26 லட்சம் பேர் வாழ்ந்த ஒரு ஏழை நாடு உலகப் போட்டியை நடத்தி, தன் பதினைந்து வயதுப் பையனை அதில் நிறுத்திய நாளுக்குள் 92 ஆண்டுகாலப் பள்ளித் தடகளமும், அதற்கும் முந்தைய விடுதலைப் போரும் இருந்தன. அதை ரத்தம் என்ற ஒற்றைச் சொல்லால் துடைத்துப்போடுவது, சாம் ஷார்ப்பை இரண்டாம் முறை தூக்கிலிடுவது.

இதே உலக இளையோர் போட்டியில் நம் நாடு நடந்துகொண்ட விதத்தையும் மறக்க முடியாது. 2018 ஜூலை 12, பின்லாந்தின் டாம்பரே நகரம். அசாமின் திங் பகுதியைச் சேர்ந்த நெல் விவசாயியின் மகள் ஹிமா தாஸ் 400 மீட்டரை 51.46 விநாடிகளில் ஓடித் தங்கம் வாங்கினார். உலக அளவிலான போட்டியில் இந்தியா ஓட்டத்தில் வாங்கிய முதல் தங்கம். அரையிறுதி முடிந்த கையோடு அவருடைய ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை என்று இந்தியத் தடகளச் சம்மேளனம் ட்விட்டரில் எழுதி, எதிர்ப்பு வந்ததும் வருத்தம் தெரிவித்தது. தங்கம் வாங்கியதும் கூகுளில் பெருங்கூட்டம் தேடியது "ஹிமா தாஸ் சாதி" என்பதை. 2016இல் பி.வி. சிந்து வெள்ளி வாங்கியபோதும் இதையே தேடினார்கள். அந்தப் பெண் எந்தப் பள்ளியில் ஓடினார், அங்கே தடம் இருந்ததா, காலணி யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று தேடியிருந்தால் இன்னும் நான்கு ஹிமாக்களுக்கு வழி தெரிந்திருக்கும். சாதியைத் தேடுகிறவனுக்கு அது தேவையில்லை. "நம்மாள்" என்றால் சொந்தம் கொண்டாட வேண்டும், இல்லையென்றால் "பிறவியிலேயே இருக்கு" என்று சொல்லிக் கடக்க வேண்டும். அவனுக்குத் தேவை அவ்வளவுதான்.

நமக்குத் தேவை வேறு. குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்த நம் பிள்ளை மாவட்டப் போட்டிக்குப் போகாமல் நின்றுவிட்டால், காரணத்தை அதன் உடம்பில் தேட வேண்டாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் மைதானம் இருக்கிறதா, உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, காலையில் ஓடிவிட்டு வரும் பிள்ளைக்கு முட்டை கிடைக்கிறதா, பேருந்துக் கட்டணம் யார் தருகிறார்கள், ஊர்த் திடலில் நம் பிள்ளை பயிற்சி எடுத்தால் யாராவது விரட்டுகிறார்களா என்று கேட்போம். கிராம சபையில் கேட்போம், பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்போம், எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலையும் எழுத்து மூலமாக வாங்குவோம். ஜி.சி. ஃபாஸ்டர் தடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட 1908க்கும் அவர் பெயரில் கல்லூரி எழுந்த 1980க்கும் நடுவே 72 ஆண்டுகள். அவ்வளவு காலம் காத்திருக்க நம் பிள்ளைகளுக்கு வயதில்லை. இளையோர் போட்டிக்கு இருபது வயதோடு கதவு மூடிவிடும்.