சாலை முதல் கைப்பேசி வரை: கருவிகளும் நமது கூட்டு வாழ்வும்

 

கைப்பேசியும் இணையமும் நம் பிள்ளைகளின் உள்ளத்தைக் கெடுக்கின்றன, உறவுகளைக் குலைக்கின்றன என்ற கவலை இன்று ஜும்ஆ மேடை முதல் தேநீர்க்கடை வரை எங்கும் பேசப்படுகிறது. இக்கவலை பொய்யானதன்று, ஆயினும் புதியதும் அன்று. நம் பெற்றோர் காலத்தில் தொலைக்காட்சி குறித்தும், பாட்டனார் காலத்தில் திரைப்படம், ஒலிபெருக்கி ஆகியவை குறித்தும் இதே கேள்வி எழுந்தது. அவர்கள் எதற்கு அஞ்சினார்கள், அஞ்சியவற்றில் எது நிகழ்ந்தது, எது நிகழவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் இன்றைய கேள்விக்கு நிதானமாக விடை காணலாம். அவ்வரலாற்றின் முக்கியமான சில ஏடுகள் நாம் வாழும் சேர்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலுமே உள்ளன.

மலை ஏறிய சாலை

கருவி என்றதும் மின்சாரத்தால் இயங்கும் பொருள்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இம்மலை மக்களின் வாழ்வைப் புரட்டிப் போட்டது காப்பிச் செடியும் அதைத் தொடர்ந்து வந்த சாலையுமே ஆகும். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியையும் பழ மரங்களையும் இங்கே பயிரிடச் செய்தார். 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை சேலத்தை எட்டியது. காப்பி மூட்டைகளை அடிவாரத்திற்கு இறக்கவும், வெயில் தாங்காத வெள்ளையரை மலைக்கு ஏற்றவும் நல்ல வழி தேவைப்பட்டது. இன்று 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் நாம் ஏறி இறங்கும் மலைப்பாதைக்கு வித்திட்டது அத்தேவைதான்.

அதற்கு முன்பே இம்மலையில் வாழ்ந்துவந்தவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. தோட்டங்கள் பெருகப் பெருக அவர்களுடைய விளைநிலமும் மேய்ச்சல் காடும் சுருங்கின. அவர்களது ஊர் நிலங்களுக்கு எல்லை வகுத்துப் பாதுகாக்க வேண்டிய நிலை 19ஆம் நூற்றாண்டிலேயே அரசுக்கு ஏற்பட்டது.

அதே சாலை வழியாகத்தான் மருத்துவமும் கல்வியும் வணிகமும் மலை ஏறின. இப்பாதையில் வந்து கடை வைத்தும் தோட்ட வேலை செய்தும் குடியேறியவர்கள் பலர். ஆகவே சாலை நன்மையா தீமையா என்று கேட்டால், எவருக்கு என்ற எதிர்க்கேள்வியைக் கேட்டாக வேண்டும். யாருடைய தேவைக்காக ஒரு கருவி வந்தது, அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதைப் பொறுத்தே அதன் நன்மை தீமை அமைந்தது. இப்பாடம் இன்றைய கருவிகளுக்கும் பொருந்தும்.

அடிவாரத்தில் எழுந்த திரையுலகம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைக் காணாதவர் நம்மில் இல்லை. டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுப்பகுதியில் தொடங்கிய இந்நிறுவனத்தின் முதற்படமான சதி அகல்யா 1937இல் வெளிவந்தது. முதல் மலையாளப் பேசும்படமான பாலன் 1938இல் இந்நிறுவனத்தின் தயாரிப்பாகவே வந்தது. தமிழில் முதல் முழு நீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956இல் இங்கிருந்தே வெளிவந்தது.

அக்காலத்தில் திரைப்படத்தைப் பற்றி இருந்த அச்சம் இன்று கைப்பேசியைப் பற்றி உள்ள அச்சத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. இருட்டுக் கொட்டகையில் ஆணும் பெண்ணும் கூடுவது ஒழுக்கத்தைக் கெடுக்கும், திருட்டையும் கொலையையும் கண்டு சிறுவர்கள் அவற்றைக் கற்பார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி இறுதிவரை திரைப்படத்தை வெறுத்தவர்.

இக்கேள்வியை ஆராய ஆங்கில அரசு 1927இல் ஒரு குழுவையே அமைத்தது. அதன் தலைவர் சென்னையைச் சேர்ந்த திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடெங்கும் சென்று 350க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு 1928இல் அறிக்கை அளித்தது. திரைப்படத்தால் விளைவதாகச் சொல்லப்பட்ட தீமைகள் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டவை என்பதே அதன் முடிவு. உள்நாட்டுத் திரைத்தொழிலை வளர்க்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

அஞ்சியபடி சமுதாயம் அழிந்துவிடவில்லை. ஆனால் அச்சம் முழுவதும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. தமிழகத்தின் அரசியலும் பேச்சும் உடையும் இளைஞர்களின் ஆசைகளும் திரையால் உருமாறின. குழுவின் முன் வைக்கப்பட்ட கேள்வி பெரும்பாலும் திரையில் எதைக் காட்டுகிறார்கள் என்பதே. நாளடைவில் நிகழ்ந்த மாற்றமோ, மக்கள் யாரைத் தம் தலைவராகவும் வழிகாட்டியாகவும் கொள்கிறார்கள் என்பதில் இருந்தது.

நகராவும் ஒலிபெருக்கியும்

நம் பள்ளிவாசல்களும் இக்கேள்வியைச் சந்தித்தவையே. தமிழகப் பள்ளிவாசல்கள் பலவற்றில் தொழுகை நேரத்தை அறிவிக்க நகரா முழக்குவது முன்னாள் வழக்கம். ரமளான் இரவுகளில் தப்ஸ் அடித்துப் பாடியபடி தெருத்தெருவாக வந்து சஹருக்கு எழுப்பிய பக்கீர்மார்களை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

ஒலிபெருக்கி வந்தபோது மார்க்க அறிஞர்களிடையே நெடிய விவாதம் நடைபெற்றது. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் 1930களிலேயே அது பொருத்தப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்து உலமாக்களோ அவசரப்படவில்லை. பாங்கிற்கும் சொற்பொழிவிற்கும் அதைப் பயன்படுத்துவது ஒரு கேள்வி, தொழுகைக்குள் பயன்படுத்துவது வேறொரு கேள்வி என்று பிரித்துப் பார்த்தனர். கருவி வழியே வருவது இமாமின் குரலேயா, அல்லது எதிரொலியைப் போன்ற வேறோர் ஓசையா, வேறோர் ஓசை என்றால் அதைப் பின்பற்றித் தொழுவது செல்லுமா என்று ஆராய்ந்தனர். முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் அறிவியல் தெரிந்தவர்களிடம் கருத்துக் கேட்டனர். முதலில் தயக்கம் காட்டிய அவர், பின்னர் தெளிவு பெற்று அனுமதியின் பக்கம் வந்தார்.

இது இன்று சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு புதிய கருவியை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை, ஒரேயடியாகத் தள்ளவும் இல்லை. இது என்ன செய்கிறது, எந்தச் செயலில் இதை நுழைக்கிறோம், நுழைத்தால் அச்செயல் அதுவாகவே இருக்குமா என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி பின்னாளில் நீதிமன்றம் வரை சென்றது. அது அண்டை வீட்டாரைப் பற்றியது. சென்னையில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் ஒலிபெருக்கி குறித்த வழக்கில், பிறரின் அமைதியைக் குலைக்கும் வகையில் வழிபட வேண்டும் என்று எம்மதமும் கூறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின.

இதில் சத்தமின்றி நிகழ்ந்த இழப்பு ஒன்றும் உண்டு. சஹருக்கு எழுப்ப வந்த பக்கீர் ஒவ்வொரு வீட்டு வாசலையும் அறிந்தவர். எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை, எங்கே நோயாளி இருக்கிறார், எந்த மூதாட்டி தனித்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஒலிபெருக்கி எல்லோரையும் எழுப்பியது, எவரையும் விசாரிக்கவில்லை. இன்று அவரவர் கைப்பேசி அவரவரை எழுப்புகிறது. வேலை முன்னிலும் செம்மையாக நடக்கிறது. அவ்வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த நலம் விசாரிப்பு மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

பொதுத்திடலிலிருந்து உள்ளங்கைக்கு

1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கின. வானொலிப் பெட்டி அன்று செல்வர் வீட்டுப் பொருள். எனவே ஊர்ப் பொது இடங்களிலும் பூங்காக்களிலும் அரசு வானொலிப் பெட்டிகளை அமைத்தது. மாலையில் ஊரார் கூடியிருந்து செய்தி கேட்டனர். கேட்டதைப் பற்றி வாதிட்டனர். 1960களில் வானொலி வாயிலாகவே புகழ்பெற்ற ஏ.டி.டி. 27 என்னும் நெல் வகையைத் தஞ்சை உழவர்கள் ரேடியோ நெல் என்றே அழைத்தனர். ஒரு செய்தி வயலுக்குப் போய்ச் சேர, அதைக் கேட்டவர்கள் கூடிப் பேசியதும் துணை நின்றது. ரமளானில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளைக் கேட்க ஒரு வீட்டில் பல வீட்டார் கூடியதும் அக்காலத்தில்தான்.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பின்னர் ஊராட்சிகள்தோறும் பொதுத் தொலைக்காட்சி அறைகள் எழுந்தன. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. ஏழையின் வீட்டிற்கும் தொலைக்காட்சி வந்தது. அண்டை வீட்டு வாசலில் நின்று பார்க்கும் இழிவு நீங்கியது. அதே வேளையில் பொது அறைகளின் தேவையும் குறைந்தது. 2016க்குப் பிறகு மலிவான இணையம் பரவியதும் வீட்டின் நடுவே இருந்த திரை ஒவ்வொருவரின் உள்ளங்கைக்கும் இடம் மாறியது.

நம் சமுதாயத்தில் இம்மாற்றத்தை நன்கு காட்டுவது வளைகுடாப் பயணம். 1970களிலும் 80களிலும் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் கடிதத்தோடு ஒலிநாடாவிலும் பேசி அனுப்பினர். எழுதத் தெரியாத தாய்மார்களும் தம் குரலிலேயே மகனுக்குப் பதில் அனுப்ப முடிந்தது. அந்நாடா வந்தால் வீடே சுற்றி அமர்ந்து கேட்கும். இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே தினமும் பேசுகிறோம். 2020ஆம் ஆண்டு ரமளானில் நோய்த்தொற்றால் பள்ளிவாசல்கள் மூடியிருந்தபோது உறவினரையும் உஸ்தாதையும் நம்மோடு இணைத்தது இக்கருவிதான். இந்நன்மையை மறைப்பது நன்றியற்ற செயல்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 3 லட்சத்து 50 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து ஓர்பென், பிரிசிபில்ஸ்கி ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களது மனநலத்தில் காணும் வேறுபாட்டில் மின்னணுக் கருவிகளுக்குள்ள தொடர்பு அதிகம் போனால் 0.4 சதவீதமே என்றது. மறுபுறம், சமூக ஊடகம் பிள்ளைகளுக்குப் போதிய அளவு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி 2023இல் எச்சரித்தார். 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் தடுத்துள்ளது.

சராசரிக் கணக்கில் தீமை சிறிதாகத் தெரியலாம். ஆனால் சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை. விளையாட்டு அடிமைத்தனத்தை 2019இல் உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதலே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவை நடத்தி வருகிறது. இணைய ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகள் தமிழகத்தை உலுக்கியபின் 2023இல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. பயன்படுத்துவோர் கையை எடுக்கவே கூடாது என்று திட்டமிட்டு உருவாக்கப்படும் பொருள்களை வானொலிப் பெட்டியோடு ஒப்பிட்டு ஆறுதல் கொள்ள இயலாது.

நாம் செய்யக்கூடியது

இவ்வரலாற்றில் நாம் காண்பது ஒன்றே. கருவி வந்ததால் மட்டும் உறவு அறுந்துவிடவில்லை. ஒரு கருவி வந்தபோது அதற்கு முன்பிருந்த கூடலுக்கு மாற்று ஏற்பாடு செய்யத் தவறிய இடங்களில்தான் அறுந்தது. வானொலித் திடல் போனபின் பேசிக்கொள்ள வேறு திடல் அமைக்கவில்லை. பக்கீரின் நடை நின்றபின் கதவு தட்டி விசாரிக்கும் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

எனவே கைப்பேசியைச் சபிப்பதைவிடப் பயனுள்ள பணிகள் ஜமாஅத்தின் முன் உள்ளன. தனித்து வாழும் முதியோரின் பட்டியலைத் தெருவாரியாகத் தயாரித்து, இருவர் வீதம் வாரம் ஒருமுறை நேரில் சென்று பார்க்கலாம். நிக்காஹ் மஜ்லிஸிலும் ஜனாஸாவிலும் கைப்பேசியை ஒதுக்கி வைப்பதை ஊர் வழக்கமாக்கலாம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் எவர் கையிலும் திரை இல்லை என்று பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே முடிவு செய்யலாம். பெற்றோர் கடைப்பிடிக்காத விதி பிள்ளைகளிடம் நில்லாது. இணையச் சூதாட்டத்தில் சிக்கியவரை அவமானப்படுத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நம்பிக்கைக்குரிய இருவரை நியமிக்கலாம்.

ஒலிபெருக்கியை ஆராய்ந்த உலமாக்கள் கேட்ட கேள்வி நமக்கும் உரியது: இதை நம் வாழ்வின் எந்தச் செயலில் நுழைக்கிறோம், நுழைத்தபின் அச்செயல் அதுவாகவே இருக்கிறதா? இக்கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, கூடி முடிவெடுத்து, ஒருவரையொருவர் விசாரித்து வாழும் சமுதாயமாக நம்மை ஆக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.