கன்வெர்ட்டர் லென்ஸ்

கழற்ற முடியாத லென்ஸ் கொண்ட சிறிய டிஜிட்டல் கேமராவின் முன்பக்கத்தில் திருகிப் பொருத்தும் துணை லென்ஸுக்குக் கன்வெர்ட்டர் லென்ஸ் என்று பெயர். அகலக்கோண கன்வெர்ட்டர் காட்சியை விரிக்கும்; டெலி கன்வெர்ட்டர் தொலைவில் இருப்பதை அருகே இழுக்கும். 1990களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் இது செழித்தது. இரண்டு வகையும் எதற்கு உதவும், எங்கே தடுமாறும் என்பதை வடசென்னையின் திருவொற்றியூரில் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கோயிலைச் சுற்றி நெருக்கமான மாட வீதிகள். கிழக்கே திறந்த கடல். வடக்கே எண்ணூர் கழிமுகம்.

இதன் அடிப்படை கலிலியோ பயன்படுத்திய தொலைநோக்கி. முன்னே குவிலென்ஸ், பின்னே குழிலென்ஸ். இணையாக நுழையும் ஒளிக்கதிர்கள் இணையாகவே வெளியேறுவதால், பின்னால் இருக்கும் கேமரா எப்போதும்போல் குவியம் பிடித்துக்கொள்கிறது. அதே அமைப்பைத் திருப்பி வைத்தால் அகலக்கோண கன்வெர்ட்டர். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே மாட்டும் 2 மடங்கு டெலி கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கிவிடும், எஃப் 2.8 லென்ஸ் எஃப் 5.6 ஆகிவிடும். முன்னே மாட்டும் கன்வெர்ட்டரில் அந்த இழப்பு இல்லை. முகப்புக் கண்ணாடி போதிய அளவு பெரிதாக இருந்தால் எஃப் எண் மாறாது. சிறிய சென்சார் மங்கலான ஒளியில் திணறும் என்பதால் இது மிகப் பெரிய சலுகை.

மாசித் திருவிழாவில் தியாகராஜ சுவாமி கோயில் தேர் மாட வீதியில் வரும்போது பின்னால் நகர இடமிருக்காது. 2000-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 990-இன் ஜூம், 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 38 மி.மீ.-இல்தான் தொடங்குகிறது. கேமராவை நிமிர்த்திப் பிடித்து 10 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 9 மீட்டர் உயரம்தான் படத்துக்குள் வரும். 0.63 மடங்கு கன்வெர்ட்டரை மாட்டினால் அது 24 மி.மீ. ஆகிறது, அதே இடத்திலிருந்து 14 மீட்டருக்கு மேல் அடங்கும். பல படங்களை ஒட்டிப் பெரிதாக்கலாம் என்பார்கள். நகரும் தேருக்கும் அசையும் கூட்டத்துக்கும் அது எளிதில் ஒத்துவராது.

டெலி கன்வெர்ட்டருக்கு ஏற்ற இடம் எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது, எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்கள் வெளிவந்தன. ஏற்கெனவே தவிக்கும் பறவையை நெருங்கி விரட்டாமல் இருப்பது படமெடுப்பவரின் முதல் கடமை. தொலைவிலிருந்தே எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும். 2006-இல் வந்த கேனன் பவர்ஷாட் ஜி7-இன் ஜூம் 210 மி.மீ. வரை செல்லும். 100 மீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றரை மீட்டர் நீளப் பறவை அதில் படத்தின் அகலத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான். 2 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கை நடுக்கமும் இரட்டிப்பாகும் என்பதால் 1/500 நொடி ஷட்டர் வேகமாவது தேவை.

ஒவ்வொரு கன்வெர்ட்டரும் ஜூமின் ஒரு முனையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். டெலி கன்வெர்ட்டரை மாட்டி ஜூமைக் குறைத்தால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். அகலக்கோணத்தை மாட்டி ஜூமைக் கூட்டினால் படம் தெளிவிழக்கும். விலை மலிந்த கண்ணாடியில் விளிம்புகளில் ஊதா நிறம் கசியும், நேர்கோடுகள் வெளிப்பக்கம் வளையும். கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கன்வெர்ட்டரே மறைத்துப் படத்தின் கீழே நிழல் விழவைக்கும். குவியம் பிடிக்கும் குறைந்தபட்சத் தொலைவும் மாறும்: 2 மடங்கு டெலி போட்டால் அது சுமார் நான்கு மடங்காகும். அரை மீட்டரில் குவியும் கேமராவுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும்.

பொருத்தும் விதத்திலும் வேறுபாடு உண்டு. கூல்பிக்ஸ் 950, 990 ஆகியவற்றின் ஜூம் உடலுக்குள்ளேயே நகர்வதால் 28 மி.மீ. திருகில் நேரடியாக மாட்டலாம். ஜி7-இல் லென்ஸ் வெளியே நீள்வதால், கன்வெர்ட்டரின் எடையை நீளும் லென்ஸ் குழல் சுமக்காதபடி உடலில் பூட்டும் தனி அடாப்டர் குழாய் வேண்டும். கூல்பிக்ஸ் திருகில் மாட்டும் நிக்கானின் எஃப்சி-இ8 மீன்கண் கன்வெர்ட்டர் 183 பாகைக் காட்சியைத் தந்தது. மரக்கவிகைக்குள் எவ்வளவு வானம் தெரிகிறது என்று அளக்கும் காட்டுச் சூழலியலாளர்கள் பலர் இதைப் பயன்படுத்தினர்.

இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியுமென்றால் அகலக்கோணமே நல்ல தேர்வு. தொலைவை ஓரளவு படத்தை வெட்டிப் பெறலாம்; சட்டத்துக்குள் வராத கோபுர உச்சியை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. டெலி வகையின் தேவையும் பின்னர் குறைந்தது. 2015-இன் நிக்கான் பி900 தன் சொந்த ஜூமிலேயே 2000 மி.மீ.-ஐத் தொட்டது. ஜூம் இல்லாத லென்ஸ் கொண்ட கேமராக்களில் இரு வகையும் நீடிக்கின்றன: ரிக்கோ ஜிஆர் III-இன் 28 மி.மீ.-ஐ 21 ஆக்குவது ஒன்று, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையின் 35 மி.மீ.-ஐ 50 ஆக்குவது இன்னொன்று. 2025-இல் விவோ எக்ஸ்200 அல்ட்ரா கைபேசிக்கு ஸைஸ் பெயரில் 2.35 மடங்கு டெலி கன்வெர்ட்டர் வந்தது. அதுவும் ஒரு வகைத் தொலைநோக்கிதான்.

பழைய கன்வெர்ட்டரை வாங்குவோர் திருகளவை முதலில் ஒப்பிட வேண்டும். பிறகு டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சென்னைக் கடற்கரையின் ஈரத்தில் அது சீக்கிரம் படரும். கடற்கரையில் எடுத்தபின், உப்புத் திவலை காய்வதற்குள் முகப்புக் கண்ணாடியை ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வைப்பது வழக்கம்.