ஊவாவில் மகாராணிக்கு ஒரு நினைவுச் சின்னம்

பத்திரிகைப் பணி நிமித்தம் முன்னொரு முறை கல்கத்தா சென்றிருந்தபோது, விக்டோரியா நினைவு மண்டபத்தின் முன் நெடுநேரம் நின்றேன். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி புரிந்த மகாராணி 1901 இல் மறைந்ததும், கர்சன் பிரபுவின் எண்ணத்தில் உருவான மண்டபம் அது. 1906 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1921 இல் திறக்கப்பட்டது. உயரம் 184 அடி. தாஜ்மகாலுக்குப் பளிங்கு தந்த மக்ரானாவே இதற்கும் தந்தது. செலவான ஒரு கோடிக்கும் மேற்பட்ட ரூபாவைச் சுதேச மன்னர்களும் பொதுமக்களும் நன்கொடையாக வழங்கினர்.

பதுளை மண்ணை நன்கறிந்தவன் என்பதால், அங்கு நின்றபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஊவாவின் மலைகள் தோட்டங்களாக மாறியதும் இதே மகாராணியின் ஆட்சியில்தானே! அங்கே அவருக்கு என்ன நினைவுச் சின்னம் இருக்கிறது?

நுவரெலியாவில் விக்டோரியா பூங்கா உண்டு. கொழும்பின் விக்டோரியா பூங்கா 1958 இல் விகாரமகாதேவி பூங்காவாயிற்று. பதுளை நகரில் அவரது ஆட்சிக் காலத்தை நினைவூட்டி நிற்பது புனித மாற்கு தேவாலயம். ஆனால் அது எழுப்பப்பட்டது மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாக. ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படும் அவர், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார்.

அரசாங்க அதிகாரிக்குத் தேவாலயம் எழுந்தது. அதே காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக வந்து, வழியிலேயே பசியாலும் நோயாலும் மடிந்தவர்களுக்கு ஒரு நடுகல்லும் எழவில்லை. பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924 இல்தான்.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை தலையெடுத்தது. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளையருகே தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். 1897 இல் மகாராணியின் வைரவிழா வந்தபோது, இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க 25,000 பவுண் கொடுத்தார். மறு ஆண்டு அவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது. மளிகைக் கடைகளோடு ஊவாவின் கொழுந்தும் சேர்ந்து ஈட்டிய செல்வம் அது. கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா.

என் கேள்விக்கு விடை அந்த லயம்தான். விக்டோரியா காலத்தின் உண்மையான நினைவுச் சின்னம் ஊவாவில் அதுவே. கல்கத்தா மண்டபத்தை மக்கள் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். இந்தச் சின்னத்தின் உள்ளேயோ மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். முடியாட்சியின் பிரஜைகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. எஞ்சியோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. பிரஜாவுரிமை வந்தபின்னும் லயம் அகலவில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் அம்மக்களுக்குப் போக வேறிடம் இருக்கவில்லை. மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவர்கள் வாழ்ந்த இடமே அவர்களின் கல்லறையாயிற்று.

2023 இல், மலையகத்தின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையை மீண்டும் மிதித்த அந்த நடையைவிடச் சிறந்த அஞ்சலி வேறில்லை என்பேன். ஆனால் முன்னோருக்கு அஞ்சலி செலுத்தினால் மட்டும் போதாது. மகாராணியின் ஆட்சி முடிந்து நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. லயக் காம்பிராவுக்குப் பதிலாகச் சொந்தக் காணியும், அதற்கு உறுதியும், ஒரு தனி வீடும் கிடைக்கும் நாளில்தான் ஊவாவில் அந்த ஆட்சி உண்மையாகவே முடிவுக்கு வரும்.