பாகக் கணக்கும் கணிப்பொறியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இராஜபாளையத்தில் ஓர் இல்லத்தார் பாகப் பிரிவினைக்காக நம்மை அழைத்திருந்தனர். குடும்பத் தலைவர் மௌத்தாகி நாற்பது நாட்கள் கழிந்திருந்தன. அடக்கச் செலவு, கடன், மனைவியின் மஹர் ஆகியவை முன்பே தீர்க்கப்பட்டுவிட்டன என்றனர். நாம் தாளும் பேனாவும் எடுக்குமுன் அவ்வீட்டு மைந்தர் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டி, “கணக்கு முடிந்துவிட்டது ஹஜ்ரத்! தாங்கள் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும்” என்றார்.

திரையில் மொத்தம் 24 பங்கு என்றிருந்தது. மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. கூட்டிப் பார்த்தோம், பிழை இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்னும் விதி வழுவாமல் கையாளப்பட்டிருந்தது. ஆயினும், எங்கும் கேட்பதுபோல் அங்கும் ஒன்று கேட்டோம்: “மர்ஹூமின் தாயார் இருக்கிறார்களா?”

சபையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு பெரியவர், “இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். எண்பது வயதுக்கு மேலாகிறது. அவர்களுக்கும் உண்டா?” என்றார்.

உண்டு. இறந்தவருக்குப் பிள்ளைகள் இருக்கையில் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு. கணக்கை மீண்டும் போட்டோம். மொத்தம் 72 பங்கு. மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. அம்மைந்தர் முகம் வாடி, “தாயார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன் ஹஜ்ரத்” என்றார். அவர் வேண்டுமென்று விட்டவரல்லர். பாட்டியாருக்குப் பங்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. தன்னிடம் சொன்னதைக் கொண்டு சரியாகவே கணக்கிட்டது. ஆனால் நாம் கேளாதிருந்தால் ஒரு மூதாட்டியின் உரிமை அன்றோடு போயிருக்கும். அல்லது பின்னொரு நாள் அது விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் அமைந்துள்ள அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்காகி, உறவைப் பிரித்திருக்கும். ஊர் திரும்பும் பேருந்தில் இதுவே நம் சிந்தையாயிருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் இக்கருவி யாது? எங்கிருந்து வந்தது? எதைச் செய்யும், எதைச் செய்யாது? இவற்றை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

கணிப்பொறி யாது?

கொடுத்த விவரங்களை வாங்கிக்கொள்வது, நினைவில் வைப்பது, முன்னரே எழுதித் தந்த கட்டளைகளை ஒவ்வொன்றாய் நிறைவேற்றுவது, விடையை வெளியே தருவது ஆகிய நான்கு வேலைகளைச் செய்யும் பொறியே கணிப்பொறி. இக்காலத்தார் இதனைக் கணினி என்பர். ஒரு பஞ்சாலை அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். வருகைச் சீட்டுகள் வருகின்றன. பேரேடு அலமாரியில் இருக்கிறது. கூலி விதி சுவரில் தொங்குகிறது. எழுத்தர் அவ்விதிப்படி கணக்கிட்டுக் கூலிப் பட்டியல் தருகிறார். அந்த எழுத்தர், பேரேடு, விதி யாவும் ஒரு பெட்டிக்குள் அடங்கியதாகக் கொள்க.

அப்பெட்டிக்குள் ஓடுவது மின்சாரம். அதற்குத் தெரிந்த நிலைகள் இரண்டே: உண்டு, இல்லை. உண்டு என்பதை 1 என்றும், இல்லை என்பதை 0 என்றும் குறித்தனர். நாம் எண்களை ஒன்று, பத்து, நூறு என்று பத்துப் பத்தாய் ஏற்றி எழுதுகிறோம். கணிப்பொறி 1, 2, 4, 8 என்று இரட்டித்து ஏற்றி எழுதும். நாம் மேலே கண்ட 72 என்பது 64-உம் 8-உம் சேர்ந்தது. ஆதலின் கணிப்பொறியில் அது 1001000 ஆகும்.

எழுத்துக்களும் அதனுள் எண்களே. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் நம் ‘அ’வுக்கு எண் 2949, அரபு அலிஃபுக்கு எண் 1575. இது நமக்குப் புதிதன்று. அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3, தாலுக்கு 4 என்னும் அப்ஜது கணக்கை மதரஸாப் பிள்ளைகள் அறிவர். தமிழிலும் ககரம் போல எழுதினால் ஒன்று, உகரம் போல எழுதினால் இரண்டு என்று நம் முன்னோர் கணக்கு எழுதினர்.

சைபர் சென்ற வழி

இடத்திற்கேற்ப எண்ணின் மதிப்பு மாறுவதும், வெறுமையைக் குறிக்க ஒரு வட்டம் இடுவதும் இந்திய நாட்டின் கொடை. கலீஃபா மஃமூன் பக்தாதில் ஆண்ட காலத்தில், கி.பி. 813 முதல் 833 வரையிலான அவ்வாட்சியில், பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு மன்றத்தில் பணிபுரிந்தவர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. அவர் இந்திய எண்முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதன் அரபு மூலம் இன்றில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே அது எஞ்சியுள்ளது. அந்நூலால் அவர் பெயரே ஒரு முறையின் பெயராயிற்று. ஒரு வேலையைப் படிப்படியாய்ச் செய்து முடிக்கும் வழிமுறைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல் அல்குவாரிஸ்மி என்பதன் திரிபே. கணிப்பொறிக்கு எழுதப்படும் கட்டளைத் தொடர் ஒவ்வொன்றும் ஓர் அல்காரிதத்தின் வடிவமே.

வெறுமை என்னும் பொருளில் அரபியர் வட்டத்தை ‘ஸிஃப்ர்’ என்றனர். அச்சொல் ஐரோப்பாவில் ஒருபுறம் ஜீரோ ஆயிற்று. மறுபுறம் சைபர் ஆயிற்று. நம் கடைவீதியில் ‘சைபர்’ என்னும்போது, இங்கிருந்து புறப்பட்ட கருத்து அரபுப் பெயர் சூடி, ஐரோப்பா சுற்றி, மீண்டும் நம் நாவுக்கு வந்திருக்கக் காண்கிறோம்.

அல்குவாரிஸ்மியின் மற்றொரு நூல் ‘அல்ஜப்ர்’ பற்றியது. அல்ஜீப்ரா என்னும் கலைக்குப் பெயர் தந்தது அதுவே. அந்நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? மரண சாசனம், வாரிசுப் பங்கு ஆகியவற்றின் கணக்குகளைப் பற்றியது! ஒருவர் இறந்து, பாகம் பிரியுமுன் அவர் வாரிசும் இறந்து, கடனும் சாசனமும் இடையில் வந்தால் பங்கு எவ்வாறு என்பன போன்ற சிக்கல்களும் அக்கலையை வளர்த்தன. அந்த மைந்தர் கைப்பேசியில் போட்ட கணக்கும், அக்கைப்பேசியை இயக்கும் முறையின் பெயரும் ஒரே மனிதரிடத்தில் வந்து சேர்கின்றன.

தறியில் பிறந்த அட்டை

பஞ்சும் நூலும் அறிந்த நம் வட்டாரத்தார்க்கு அடுத்த கட்டம் எளிதில் விளங்கும். பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் ஒரு தறியமைப்பை உருவாக்கினார். பூவேலைக்கு எந்தப் பாவு நூல் எழ வேண்டும், எது எழக்கூடாது என்பதைத் துளையிட்ட அட்டைகள் தீர்மானித்தன. துளை இருந்தால் நூல் எழும், இல்லையேல் எழாது. உண்டு, இல்லை என்னும் அதே இரண்டு நிலை! தமிழகத்துத் தறிக்கூடங்களில் ஜக்கார்டு அட்டைகளைக் கண்டவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் 1830களில் திட்டமிட்ட ‘பகுப்புப் பொறி’ அத்தறி அட்டைகளையே கட்டளை வாங்கும் வாயிலாகக் கொண்டது. அப்பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. ஆயினும் அதனைப் பற்றி அடா லவ்லேஸ் என்னும் அம்மையார் 1843-இல் விரிவான குறிப்புகள் எழுதினார். இப்பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் கட்டளையிட அறிந்ததையே செய்யும் என்பது அவர் கண்ட முடிவு. இராஜபாளையத்து வீட்டில் நாம் கண்டதும் அதுவே.

அமெரிக்காவில் ஹொலரித் என்பவர் 1890-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பைத் துளையட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது.

வால்வு முதல் சில்லு வரை

1946-இல் அமெரிக்காவில் வெளிப்படுத்தப்பட்ட ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணிப்பொறியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. எடை சுமார் 30 டன். பழைய வானொலிப் பெட்டிக்குள் செந்நிறமாய் ஒளிர்ந்த வால்வுகளை நினைவுகூர்வோர் அதன் வெப்பத்தை ஊகிக்கலாம். 1947-இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் வால்வின் இடத்தைப் பிடித்தது. 1958-இல் பல உறுப்புகளை ஒரே சில்லில் அமைக்கும் வழி பிறந்தது. 1971-இல் இன்டெல் நிறுவனம் கணிப்பொறியின் மூளைப் பகுதி முழுவதையும் ஒரே சில்லில் அடக்கிற்று. அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய கைப்பேசிச் சில்லுகளில் அவற்றின் தொகை பல நூறு கோடி.

நம் நாட்டில்

இந்தியாவுக்கு முதன்முதலாக மின்னணுக் கணிப்பொறி 1955-இல் வந்தது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அதனை இங்கிலாந்திலிருந்து தருவித்தது. நம்மவர் கையாலேயே கட்டிய ‘டிஃப்ராக்’ 1960-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கத் தொடங்கிற்று. அப்பணியை முன்னின்று நடத்தியவர் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் ஐ.பி.எம். 370 பெருங்கணிப்பொறி வந்தது.

அக்காலத்தில் கணிப்பொறி என்றால் அச்சமும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள், தம் பிழைப்பைப் பறிக்கும் என்று அதனை எதிர்த்துப் போராடினர். அவ்வச்சத்தை எள்ளுதல் நன்றன்று. நாம் ஓதிய 1980களில் நம் வட்டாரத் தெருக்களில் தட்டச்சுப் பள்ளிகளின் ஓசை ஓயாது கேட்கும். பத்தாண்டுகளில் அம்மாடிகளிலேயே ‘கம்ப்யூட்டர் பயிலகம்’ என்ற பலகைகள் தொங்கின. தட்டச்சை மட்டும் நம்பியிருந்தோர் சிலர் வேறு தொழில் தேடிப் போயினர்.

ஆயினும் வழிகளும் திறந்தன. 1984-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் அது பல்கலைக்கழகமாயிற்று. இராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய பஞ்சாலையிலிருந்து வளர்ந்த ராம்கோ குழுமத்தில், 1992-இல் மென்பொருள் ஆய்வுப் பிரிவு ஒன்று தோன்றியது. அது 1997-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் தனி நிறுவனமாயிற்று. கொள்முதல், கூலி, கணக்கு ஆகியவற்றைக் கவனிக்கும் மென்பொருள்களை அது வெளிநாடுகளுக்கும் வழங்கிவருகிறது. நூல் நூற்ற ஊரின் செல்வமும் உழைப்பும் இத்துறையிலும் வேர்விட்டன.

ஒரே வரியில் தமிழும் அரபும்

நம் போன்றோர்க்குக் கணிப்பொறி செய்த பேருதவி ஒன்றுண்டு. முன்னாளில் நம் தமிழ் நூல்களில் ஓர் அரபு வரி இடம்பெற வேண்டுமானால், தமிழை ஈய எழுத்தில் கோத்துவிட்டு, அரபுக்கு இடம் விட்டு, காத்திபைக் கொண்டு எழுதுவித்து, பிளாக் செய்து பொருத்துவர். ஒரு புள்ளி தவறினால் பொருளே மாறும், திருத்துவதோ பெரும்பாடு.

கணிப்பொறியில் தமிழ் எளிதாய் வந்துவிடவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ செயலியை உருவாக்கினார். பிறரும் பல எழுத்துருக்களைச் செய்தனர். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எண் முறை. ஒருவர் எழுதியனுப்பியது மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு பொது விசைப்பலகை முறைக்கு வழிகோலிற்று. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு நாளடைவில் எங்கும் பரவியது. 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் தராமல், ‘கி’ என்பதைக் ககரமும் இகரக் குறியும் சேர்ந்ததாகவே அது கொள்ளும். அரபு எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவு மாறினும் அதற்கு எண் ஒன்றே. இடமிருந்து வலம் செல்லும் தமிழும், வலமிருந்து இடம் வரும் அரபும் இன்று ஒரே வரியில் அமைகின்றன. காத்திபின் கையழகை அதில் காணவியலாது என்பது உண்மையே. எனினும் பிழை திருத்துவது எளிதாயிற்று. சிற்றூர் மதரஸாவும் தன் பாடநூலைத் தானே அச்சிட முடிகிறது.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

வாரிசு மேல் வாரிசு இறந்து பங்குகள் பல நூறாய்ப் பிரியும் கணக்கை நாம் முன்பு இரவெல்லாம் விளக்கடியில் போட்டதுண்டு. இன்று அதனைக் கணிப்பொறி கண்ணிமைக்குமுன் தருகிறது. அதனை விலக்குவார் அறிவுடையோர் அல்லர். நாமும் இப்போது நம் கணக்கை அதிற்போட்டுச் சரிபார்த்துக்கொள்கிறோம். நம் பெண்மக்களும் ஆண்மக்களும் இக்கலையைக் கசடறக் கற்கட்டும்.

ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் அது காலியாகவே கணக்கிடும். விடுபட்டவர் யார், அவர் எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறார் என்று தேடிச் செல்வது நம் கடமையாகவே இருக்கிறது. அன்று அந்த மைந்தர் அதனை உணர்ந்தார். மறுவாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, பாட்டியாரிடம் மன்னிப்புக் கேட்டு, 72-இல் 12 என்னும் அவர் பங்கைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாக நம்மிடம் தெரிவித்தார். அப்பத்திரமும் கணிப்பொறியில் அச்சானதே.